கயாக் மூடியும் கசிவும்: இளம் படகுக் கலைஞருக்கு ஒரு கடிதம்

வீட்டுப் பட்டறையில் பிளைவுட்டும் எபாக்ஸியும் கொண்டு கடல் கயாக் கட்டத் தொடங்கியிருக்கும் இளம் கலைஞருக்கு,

கடல் கயாக்கின் முன்னறையும் பின்னறையும், துடுப்பாளர் அமரும் குழியிலிருந்து பல்க்ஹெட் எனப்படும் குறுக்குச் சுவர்களால் பிரிக்கப்பட்டவை. மேல்தளத்தில் அவற்றுக்குரிய வாயில் ஹேட்ச் எனப்படும். அவ்வறைகளில் அடைபட்ட காற்றுதான் கவிழ்ந்த படகை மிதக்க வைக்கிறது என்பதால், மூடியின் கசிவை உடைமை நனையும் சிறு தொல்லையாக எண்ணிவிடக் கூடாது. பிரிட்டனின் வேலி நிறுவனத்தால் பரவலான ரப்பர் மூடிகள் நம்பகமானவையே. எனினும் மரக் கயாக் கட்டுவோர் பலர், தளத்திலிருந்தே வெட்டியெடுத்த பலகையை மூடியாக்கி, தளத்தோடு சமமாகப் பொருந்தச் செய்வதையே விரும்புகின்றனர். அழகுக்காகத் தேடிக்கொள்ளும் சிரமம் அது.

இவ்வகை மூடி கசிந்தால் கேஸ்கெட்டின்மேல், அதாவது விளிம்பில் ஒட்டப்படும் நுரைப் பட்டையின்மேல், பழி போடுவது வழக்கம். ஆனால் தடித்த நுரையை ஒட்டி, மூடியைப் பூட்டும் வார்களை மேலும் இறுக்கினால், 4 மி.மீ. பிளைவுட் மூடி இரு வார்களுக்கு இடையே மேல்நோக்கி வளைந்து, கசிவு கூடுமே ஒழியக் குறையாது. மூடியின் அடியில் சட்டம் பொருத்தியோ இருபுறமும் ஃபைபர்கிளாஸ் துணி போர்த்தியோ முதலில் அதை விறைப்பாக்க வேண்டும். அதன்பின், நீரை உறிஞ்சாத மூடிய கண்ணறை நுரையைத் தேர்ந்து, பட்டையின் இரு முனைகளும் சேரும் இடம் மூலையில் அமையாமல் நேர்ப்பக்கத்தில் அமையுமாறு ஒட்ட வேண்டும். நுரை அழுந்தும் எதிர் விளிம்பில் சாக்பீஸ் தூளைத் தடவி, மூடியைப் பூட்டித் திறந்து பார்த்தால், நுரையில் பதிந்த வெள்ளைக் கோடு எங்கே அறுபடுகிறதோ அங்கேதான் நீர் நுழையும். எபாக்ஸிக் கூழால் அவ்விடத்து விளிம்பை உயர்த்தித் தேய்த்துச் சமன் செய்வது ஒரு மாலை வேலை.

இவ்வளவும் செய்த பிறகும் அறைக்குள் நீர் காணப்படுவதுண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் அலையன்று, உள்ளிருக்கும் காற்றே. மணலில் வெயில் காய்ந்து 40 பாகைக்குச் சூடான காற்று, ஸ்காட்லாந்துக் கடல் போன்ற 12 பாகை நீரில் குளிரும்போது, அதன் அழுத்தம் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைகிறது. இது சுமார் 90 செ.மீ. உயர நீரின் அழுத்தத்துக்கு நிகர். தளம் சற்று உள்வாங்கி இதில் ஒரு பங்கைத் தணித்தாலும், மூடியின்மேல் புரளும் அலை தரும் அழுத்தத்தை விட இது மிகுதியே. அறை தானே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. எனவே அழுத்தம் சமனாவதற்காகப் பல்க்ஹெட்டின் மேற்பகுதியில் 1 முதல் 1.5 மி.மீ. துளை ஒன்று இடப்படுகிறது. நீர் புகாத சுவரில் வேண்டுமென்றே துளையிடக் கை கூசும். ஆயினும் அதன்வழி புகக்கூடியது சில சொட்டுகளே.

பராமரிப்பு எளிது. நன்னீரால் விளிம்பைக் கழுவி மணலை நீக்குவதும், பெட்ரோலிய மசகு சிலவகை ரப்பரை உப்பவைக்கும் என்பதால் சிலிக்கோன் மசகையே பயன்படுத்துவதும் போதும். கரையில் நிறுத்தியிருக்கும் காலமெல்லாம் வார்களைத் தளர்த்தி வைக்க வேண்டும். மாதக்கணக்கில் அழுந்திக் கிடந்த நுரை மீண்டும் எழாது, அப்போது அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய பட்டையை ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.