செடிக்கு முன் ஜன்னல்

கேள்வி: சென்னையில் இரண்டாவது மாடியில் எங்கள் ஃப்ளாட். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் மாமியார் பெரும்பாலும் அறையிலேயே முடங்கிக் கிடக்கிறார், மனம் சோர்ந்துபோகிறார். காற்றைச் சுத்தப்படுத்தும் செடிகளை வாங்கி அறை முழுக்க வைக்கலாமா?
- வாசகி, சென்னை

பதில்: செடி வாங்குவதற்கு முன் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். படுத்தபடியே ஜன்னல் வழியாக ஒரு மரக்கிளையோ கொஞ்சம் வானமோ அவர் கண்ணில் பட வேண்டும். பீரோ ஜன்னலை மறைத்தால் அதை வேறு சுவருக்கு மாற்றுங்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைப் பதிவேடுகளை ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் ஆராய்ந்து, முடிவை 1984-ல் வெளியிட்டார். மரங்கள் தெரியும் ஜன்னலோரம் இருந்தவர்கள், செங்கல் சுவரை மட்டும் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் கட்டிலைத் திருப்பச் செலவா ஆகப்போகிறது?

காற்றைச் சுத்தப்படுத்தும் செடி என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், 1989-ல் வெளிவந்த நாசா ஆய்வு மூடிய பெட்டிக்குள் நடந்தது. வீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்தாலே, செடி சுத்தப்படுத்துவதைவிட வேகமாகக் காற்று மாறிவிடும். மேற்கு வெயில் அடித்தால் மூங்கில் தட்டி கட்டுங்கள். கனத்த திரை வேண்டாம்.

செடி வேண்டியது காற்றுக்காக அல்ல, அவர் கைக்கு ஒரு வேலை கிடைப்பதற்காக. இரண்டு மூன்று தொட்டி போதும். என் தேர்வு கற்பூரவல்லி. ஒரு கிளையை ஒடித்து நட்டாலே வேர்பிடிக்கும். இலையைக் கசக்கினால் அறையே மணக்கும். ஜன்னல் கம்பியோரம் வெளிச்சமான இடத்தில் வையுங்கள். துளசிக்கு நேர் வெயில் வேண்டும், அது பால்கனியிலேயே இருக்கட்டும். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். பாட்டிலில் மணி பிளான்ட் வைத்தால் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு அங்கேதான் முட்டையை ஒட்டிவைக்கும். குழந்தைகள் வாயில் வைத்தால் மணி பிளான்ட் இலை எரிச்சல் தரும் என்பதால் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

எந்தத் தொட்டியும் தரையில், அவர் நடக்கும் வழியில் வேண்டாம். சிந்திய தண்ணீரில் வழுக்கினால் ஆபத்து. உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் ஒரு ஸ்டூல் போதும். நர்சரிக்குப் போவதற்கு முன், எந்தச் செடி வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.