கீஸருக்குள் கரையும் கம்பி

கண்டியில் தை மாதக் காலையில் கீஸர் இல்லாமல் குளிப்பது கஷ்டம். ஆனாலும் தாங்கி ஒழுகத் தொடங்கும் வரை அதன் உள்ளே யாரும் பார்ப்பதில்லை. எனாமல் பூசிய இரும்புத் தாங்கிக்குள் விரல் தடிப்பில் ஒரு மகனீசியக் கம்பி உண்டு. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, அது தான் கரைந்து கொடுக்கிறது. 1821இல் கண்டி நாட்டைப் பற்றி நூல் வெளியிட்ட இராணுவ மருத்துவர் ஜோன் டேவியின் அண்ணன் ஹம்ப்ரி டேவி, 1824இல் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்கச் சொன்ன வழிதான் இது.

அந்தக் கம்பியைப் பார்க்க, முதலில் மெயின் பெட்டியில் கீஸரின் சுவிட்சை நிறுத்துங்கள். மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதிப்படுத்துங்கள். தண்ணீர் ஆறியபின் குளிர்நீர் வால்வை மூடி, சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, தாங்கியை வடியவிடுங்கள். பிறகு கம்பியைக் கழற்றலாம். பழக்கமில்லாதவர்கள் வயரிங் பாஸை அழைப்பதே நல்லது. ஆனால் கழற்றிய கம்பியை வீசவேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நோய் என்னவென்று அதைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

பாதிக்குமேல் கரைந்து நடுவிலுள்ள உருக்குக் கம்பி தெரிந்தால் மாற்றுங்கள். ஹீட்டருக்கு அருகில் கூடுதலாகக் கரைந்திருப்பது இயல்பு. அங்கே சூடு அதிகம். ஹீட்டரின் உறையும் பெரும்பாலும் செம்பு என்பதால் கரைவது கூடும்.

பல வருடம் நின்ற கம்பி, இந்த முறை ஒரே வருடத்தில் தீர்ந்துவிட்டதா? அப்படியானால் இடையில் என்ன மாறியது என்று கேளுங்கள். சுடுநீர் வாயிலில் புதிதாகச் செப்புக் குழாயை நேரே பூட்டினார்களா? இடையில் பிளாஸ்டிக் உள்ள இணைப்பைப் போடச் சொல்லுங்கள். மகாவலியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை விட்டுக் கிணற்றுக்கு மாறினீர்களா? திகனைப் பக்கம் சுண்ணக்கல்லும் தொலமைற்றும் உண்டு. அத்தகைய பாறையில் ஊறும் தண்ணீரில் கரைந்த உப்புகள் கூடுதல். அந்தத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கம்பி விரைவில் தேயும். சுடுநீர் மட்டும் செந்நிறமாக வந்தால் எனாமல் வெடித்திருக்கலாம். அப்போது புதுக் கம்பி சில காலம்தான் தாங்கும், தாங்கியை மாற்றப் பணம் சேருங்கள்.

மின்கசிவுதான் கம்பியைத் தின்கிறது என்று பலர் சொல்வார்கள். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் அரிப்பது மிகக் குறைவு. ஆனால் அதே கசிவு ஆளைக் கொல்லும். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் ஹீட்டரையும் எர்த்தையும் சோதிக்காமல் திரும்பப் போடாதீர்கள்.

கரையாமல் புதிது போலவே இருக்கும் கம்பிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். அது வேலை செய்யவே இல்லை. மரையில் வெள்ளை டேப்பைத் தடிப்பாகச் சுற்றியிருப்பார்கள், அல்லது தொடுப்பு வயர் விட்டிருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்பியின் தலையிலும் மற்றதைத் தாங்கியின் வெறும் உலோகத்திலும் வைத்தால் தடை ஏறக்குறைய பூச்சியமாக இருக்க வேண்டும். சில மாதிரிகளில் வேண்டுமென்றே ஒரு சிறு தடையம் வைப்பார்கள்; கையேட்டைப் பாருங்கள்.

சுடுநீரில் அழுகிய முட்டை வாடை வந்தால், மகனீசியத்துக்குப் பதில் நாகம் கலந்த அலுமினியக் கம்பியைப் போட்டுப் பாருங்கள். போட்ட திகதியைத் தாங்கியின் மேலேயே எழுதிவிட்டு, ஆறு மாதத்தில் ஒரு தடவை திறந்து பாருங்கள்.