படத்தைக் கட்டங்களாக வெட்டுவோம்

விளையாட்டு விழாக் குழுப்படத்தை ஒரு மீட்டர் அகலத்திற்குப் பெரிதாக்கிக் கண்காட்சிச் சுவரில் ஒட்ட விரும்பினோம். கணினி அறையில் இருப்பதோ ஏ4 தாள் பிரிண்டர். படத்தைத் துண்டாக்கித் தரும் இணையதளங்கள் உண்டு; ஆனால் அவற்றுள் பலவற்றிற்குப் படத்தை முதலில் அனுப்பவேண்டும். ஆறாம் வகுப்புத் தங்கையரின் முகங்கள் எங்கோ முன்பின் தெரியாதவர் கணினியில் தங்குவதா? மனம் ஒப்பவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு நாமே வெட்டத் துணிந்தோம். அப்போது ப்ரௌசர் நம் கணினியிலேயே படத்தைத் திறந்து, அங்கேயே வெட்டிவிடும். இணைய வயரைக் கழற்றிவிட்டும் செய்து பார்த்தோம், வேலை நடந்தது.

வெட்டுவதற்குக் கேன்வாஸ் என்னும் வரைபரப்பும், டிராஇமேஜ் என்னும் கட்டளையும் போதும். படத்தில் எங்கே தொடங்கி எவ்வளவு அகல உயரம் எடுப்பது, அதைக் கேன்வாஸில் எங்கே எந்த அளவில் வைப்பது என எட்டு எண்களைக் கட்டளை கேட்கும். அணிகள் படித்த தோழியருக்கு நிரை, நிரல் புதிதல்ல: எங்களுக்கு 3 நிரைகள், 5 நிரல்கள், ஆக 15 தாள்கள்.

சங்கடம் வகுத்தலில் வந்தது. படத்தின் அகலம் 4032 புள்ளிகள். ஐந்தால் வகுத்தால் 806.4. தசமத்தை விட்டுவிட்டால் வலது ஓரத்தில் இரண்டு புள்ளிகள் போய்விடும். தசமத்தோடு வெட்டினால் துண்டுகளின் ஓரம் மங்கும். எனவே துண்டின் அகலத்தை முழுமையாக்காமல், எல்லைகளை முழுமையாக்கினோம்: 0, 806, 1613, 2419, 3226, 4032. ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குவதால் இடைவெளியே இல்லை.

பெயரிடுவதிலும் ஏமாந்தோம். 1 முதல் 15 வரை எண்ணிட்டோம். பிரிண்டரிலிருந்து 1-க்கு அடுத்து 10, 11 என்று வந்தன. ஒருத்தி முகத்தின் கீழ் வேறொருத்தியின் கால்கள்! சிரித்து ஓய்ந்தபின் நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாள்கள் நினைவுக்கு வந்தன. இந்தியாவைக் கட்டங்களாகப் பிரித்த அவ்வரிசையில் 58 என்பது பெருங்கட்டம். அதற்குள் ஏ முதல் பி வரை 16 எழுத்துக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 16 சிறு தாள்கள். 11 பாகை வடக்குக் கோடு நம் கோவையின் ஊடே செல்வதால், காந்திபுரம் ஒரு தாளிலும் உக்கடம் அதன் கீழுள்ள மறு தாளிலும் அமையும். பெயரைப் பார்த்தாலே இடம் தெரியும். நாங்களும் 'நிரை2-நிரல்4' என்று பெயரை மாற்றினோம்.

ஒட்டும்போது கவனம்: இடப்புற, மேற்புற வெள்ளை ஓரங்களை மட்டும் கத்தரியுங்கள். மற்ற இரண்டும் பசை தடவ உதவும். மேல் இடது மூலையிலிருந்து தொடங்குங்கள்.