எட்டு மதகும் எட்டாம் வகுப்பும்

"ஏலே, எங்களுக்கும் கொஞ்சம் விடுல!"

கணினி அறையின் கடைசி வரிசையிலிருந்து வந்த மாணவனின் குரல். திரையில் அவன் ஸ்ரீவைகுண்டத்துக் கடைமடை விவசாயி. பிசான நடவுக்கு நாற்று தயார். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மேலே கன்னடியன் கால்வாய்க்குப் பொறுப்பேற்ற அவன் நண்பன் மதகை மூடவே இல்லை.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கும் வரிசையைப் பிள்ளைகள் தடங்கலின்றி ஒப்பிப்பார்கள். ஆனால் மேல்மடைக்கும் கடைமடைக்கும் உள்ள பிணக்கு அந்த வரிசையில் தெரியாது. அதை அவர்களே ஆடிப் பார்க்கட்டும் என்றுதான் ஸ்கிராட்ச் நிரல்மொழியில் எளிய விளையாட்டு ஒன்றைச் செய்தோம். எட்டு மதகு, கார், பிசானம் என்று இரண்டு பருவம், மாதந்தோறும் கூடிக் குறையும் ஆற்று நீர். அவ்வளவுதான்.

இதற்கு முன்னோடி அமெரிக்காவில் இருக்கிறது. 1971இல் மினியாபொலிசில் பயிற்சி ஆசிரியராக இருந்த டான் ராவிட்ச், மேற்கு நோக்கிப் போன குடியேறிகளின் பயணத்தை எட்டாம் வகுப்புக்கு நடத்த வேண்டியிருந்தது. கணிதம் கற்பித்த அறைத்தோழர்கள் இருவருடன் சேர்ந்து 'ஓரிகான் டிரெயில்' விளையாட்டை உருவாக்கினார். அப்போது திரைகூடக் கிடையாது. டெலிடைப் எந்திரம் காகிதத்தில் அச்சடிக்கும். மாணவர்கள் வண்டிக்காரர்களாகி, உணவுக்கும் தோட்டாவுக்கும் காசைப் பங்கிட்டார்கள். ஆனால் அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடிகளின் இடத்திலிருந்து அதை ஆட முடியாது. அந்தக் குறையே எனக்கு நல்ல பாடமானது: எந்த விளையாட்டிலும் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட வேண்டும்.

முதல் வகுப்பில் மணி அடிக்கும்வரை ஆடவிட்டேன். யார் ஜெயித்தார்கள் என்ற கூச்சலோடு கலைந்துபோனார்கள்; பேச நேரமே இல்லை. இப்போது இருபதாவது நிமிடத்தில் நிறுத்திவிடுகிறேன். ஒரு கணினிக்கு இருவர். ஒருவர் ஆடுவார், மற்றவர் ஒவ்வொரு முடிவையும் அதன் காரணத்தையும் நோட்டில் எழுதுவார். பிறகு மேல்மடைக்காரர் கடைமடைக்குப் போயாக வேண்டும். மதகை மூடாத அந்தப் பையன் ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்ததும், முறை வைத்துத் தண்ணீர் விடலாமே என்று முதலில் சொன்னது அவன்தான்.

யார் விடுபட்டார்கள் என்று கேட்டபோது ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தூத்துக்குடி கம்பெனிகளுக்கும் தண்ணி போகுதுல்லா? அது ஏன் இதுல இல்ல?"

அடுத்த வாரம் ஒன்பதாவதாக ஒரு மதகு வரைந்தோம். அதற்கு யார் பொறுப்பேற்பது என்பதில்தான் அன்றைய வகுப்பு முழுவதும் போனது.