முதலில் மூழ்கக் கற்றுக்கொள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் வரைபடமும் வந்து சேர்ந்தன. எம்டன் போர்க்கப்பலை ரிமோட்டில் ஓடும் மாதிரிக் கப்பலாகச் செய்து, சுடுகிற துப்பாக்கியும் வைத்து, அல்சூர் ஏரியில் நண்பனின் கப்பலோடு சண்டைக்கு விடப்போவதாக எழுதியிருக்கிறாய். கடிதத்தில் பாதிக்குமேல் துப்பாக்கிதான். உள்ளே புகும் தண்ணீரை வெளியேற்றும் பம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீ விட்டதை நான் எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் 1970களின் கடைசியில் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கடலில் ஓடிய போர்க்கப்பல்களை 1:144 அளவில் செய்வார்கள். பக்கச் சுவர் 0.8 மி.மீ. பால்சா மரத்தகடு. கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் மிளகு அளவு எஃகுக் குண்டு பாய்ந்து அதைத் துளைக்கும். தண்ணீர் ஏறும், கப்பல் நிஜமாகவே மூழ்கும். கயிற்றோடு மேலே வரும் மிதவையைப் பிடித்து அதைத் தூக்கி, ஓட்டைகளை ஒட்டி, மறுபடியும் இறக்குவார்கள். அங்குள்ள பழைய சங்கமொன்றின் கணக்கில் நீர்க்கோட்டுக்கு மேலே விழும் துளைக்கு 10 புள்ளி, கோட்டிலேயே விழுந்தால் 25, அதற்குக் கீழே 50. எங்கே வலிக்கும் என்று அந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

மற்ற மாதிரிக் கலைஞர்கள் தங்கள் வேலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நீ செய்யப்போவது அடிவாங்குவதற்கென்றே செய்யும் பொருள். அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு நேரம் தாங்குகிறது, மூழ்கினால் எவ்வளவு சீக்கிரம் எழுகிறது என்பதில்தான் கைத்திறன் தெரியும்.

முதலில் எடை. எம்டன் 118 மீட்டர் நீளம், 3,600 டன்னுக்குச் சற்று மேல். 144-ஆல் வகுத்தால் நீளம் 82 செ.மீ. ஆனால் எடையை ஒருமுறை வகுத்தால் போதாது. மூன்றுமுறை வகுக்க வேண்டும். 144ஐ மும்முறை பெருக்கினால் ஏறக்குறைய 30 லட்சம். ஆக உன் எம்டன் 1.2 கிலோவுக்குமேல் இருந்தால் அதன் நீர்க்கோடு மூழ்கும் அளவுக்கு இறங்கி நிற்கும். உடல், மோட்டார், பேட்டரி, ரிசீவர், பம்பு, துப்பாக்கி, வாயுக் குப்பி எல்லாம் அந்த 1.2 கிலோவுக்குள் அடங்க வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்டுவிட்டுப் போன கப்பல் என்பதால் நமக்கெல்லாம் அதன்மேல் ஒரு கண் உண்டு. இருக்கட்டும், அதை இரண்டாவது கப்பலாக வைத்துக்கொள். அதற்காக யமாட்டோ என்ற ராட்சத ஜப்பானியப் போர்க்கப்பலுக்கும் தாவாதே. அதன் மாதிரியே 1.8 மீட்டர் நீளம், 24 கிலோ எடை. அதை ஸ்கூட்டரில் எப்படிக் கொண்டுபோவாய்?

பெங்களூரில் இருக்கிறாய், ஐ.என்.எஸ். மைசூரைச் செய். பிரிட்டனின் நைஜீரியாவாகப் பிறந்து, 1957 ஆகஸ்டில் நம் கடற்படையில் சேர்ந்து, 1971 போரில் மேற்குக் கடற்படைப் பிரிவின் தலைமைக் கப்பலாக நின்று, 1985இல் ஓய்வுபெற்ற கப்பல். முத்திரையில் மைசூர் அரசின் கண்டபேருண்டப் பறவை. மாதிரியில் நீளம் 118 செ.மீ., அகலம் 13 செ.மீ., எடை 3.7 கிலோ வரை போகலாம். முதல் கப்பலுக்கு அந்த இடம் தேவை. ஒன்றைக் கவனி: நைஜீரியாவாக இருந்தபோது 12 பெரிய பீரங்கிகள், மைசூராக வந்தபோது 9தான். நான்கு பீரங்கிக் கோபுரங்கள் உள்ள வரைபடம் கிடைத்தால் அது பழைய தோற்றம்.

இப்போது பம்பு. நீர்க்கோட்டுக்கு 2 செ.மீ. கீழே ஒரு குண்டு துளைத்தால் அதன் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 340 மில்லி தண்ணீர் உள்ளே வரும். அப்படிப் பத்து துளை என்றால் 3 லிட்டர் 400 மில்லி, அதாவது ஒரே நிமிடத்தில் கப்பலின் எடையை நெருங்குகிற தண்ணீர். உங்கள் ஊர் எஸ்.பி. ரோட்டில் 12 வோல்ட் பம்புகள் நிறையக் கிடைக்கும். பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கை நம்பாதே. உன் பேட்டரியில், உன் குழாயில், உன் கப்பலின் உயரத்துக்குத் தூக்கவைத்து, ஒரு லிட்டர் குவளை எத்தனை வினாடியில் நிரம்புகிறது என்று நீயே பார். உறிஞ்சும் வாயில் கம்பிவலை கட்டு. பால்சாச் சிராய் ஒன்று போதும், பம்பு நின்றுவிடும்.

உள்ளே வந்த தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். உடலின் முழு அகலத்துக்கும் அது பரவினால், கப்பல் ஒரு பக்கம் சாயும்போது தண்ணீரும் அதே பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். பாதிகூட நிரம்பாத கப்பல் கவிழ்வது இதனால்தான். ஆகவே இரு பக்க அடியையும் தெர்மக்கோல் வைத்து நிரப்பி, நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் விடு. அதன் தாழ்ந்த இடத்தில் பம்பு உட்காரட்டும். பேட்டரியை எவ்வளவு கீழே வைக்க முடியுமோ அவ்வளவு கீழே வை. ரிசீவரை மேல்தட்டுக்கு அடியில், காற்றுப்புகாத டப்பாவில் வை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீரைத் தாண்டாது. சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி அமைத்துவிடு. பியூஸ் போடாமல் எதையும் இணைக்காதே. லித்தியம் பாலிமர் பேட்டரி நனைந்து ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். முதல் கப்பலுக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போதும்.

இதையெல்லாம் சோதிக்கத் துப்பாக்கி தேவையில்லை. குழந்தைகள் குளிக்கும் காற்றடைத்த தொட்டியில் கப்பலை மிதக்கவிடு. நாலரை மில்லிமீட்டர் டிரில் பிட்டைக் கையால் திருகி, நீர்க்கோட்டுக்குக் கீழே ஒரு துளை போடு. பம்பு தாங்குகிறதா? இன்னொன்று. எத்தனையாவது துளையில் தோற்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, மூழ்கும்போது மிதவை கயிற்றோடு வெளியே வருகிறதா என்று நோட்டில் எழுது. பிறகு தூக்கி, துடைத்து, துளைகளை ஒட்டி, அன்று மாலையே மறுபடி ஓட்டு. இது உனக்குச் சலிப்பாக இருந்தால், இந்தப் பொழுதுபோக்கு உனக்கு ஒத்துவராது என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

துப்பாக்கி விஷயத்தைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் காற்றழுத்தத் துப்பாக்கிகளையும் தொடுகின்றன. வாயு அழுத்தத்தில் குண்டு எறியும் கருவியை வீட்டில் செய்யுமுன் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேள். அல்சூர் ஏரியில் சுடுவதை மறந்துவிடு. கரையில் நடைப்பயிற்சி செய்பவர்கள், படகில் போகிறவர்கள், நீர்ப்பறவைகள். பக்கத்திலேயே ராணுவத்தின் சாப்பர்ஸ் மையம். போதாததற்கு ஆகாயத்தாமரை வேர் புரொப்பெல்லரில் சுற்றினால் உன் மைசூர் நடு ஏரியிலேயே நின்றுவிடும். கோலார் பக்கத்துப் பண்ணைக்குட்டைகளையும் நாடாதே. பிளாஸ்டிக் விரித்த சரிவில் கால் வழுக்கினால் ஏறி வர முடியாது. உனக்கு வேண்டியது முழங்கால் ஆழத் தண்ணீர், உரிமையாளரின் சம்மதம், சுற்றிலும் வேலி. என்றைக்காவது சுடும் கப்பல் இறங்கினால், வேடிக்கை பார்ப்பவர் உட்பட ஒவ்வொருவர் கண்ணிலும் பாதுகாப்புக் கண்ணாடி இருக்க வேண்டும்.

அதுவரை யாரோடு பழகுவது என்று கேட்பாய். என்.சி.சி. கடற்படைப் பிரிவில் மாணவர்கள் கப்பல் மாதிரி செய்யக் கற்கிறார்கள். அவர்களுடைய நௌ சைனிக் முகாமில் அதற்குப் போட்டியே உண்டு. அங்கே நுணுக்கத்தைக் கற்றுக்கொள். சண்டைக்கு இன்னும் மூன்று பேரையாவது சேர். 1939 டிசம்பரில் ரிவர் பிளேட் முகத்துவாரத்தில் கிராஃப் ஷ்பே என்ற பெரிய ஜெர்மன் கப்பலை மூன்று சிறிய கப்பல்கள் சேர்ந்துதான் விரட்டின. அவற்றில் ஒன்றான அக்கிலீஸ் பின்னால் நம் ஐ.என்.எஸ். டெல்லி ஆனது. 1956இல் அந்தச் சண்டையைப் பற்றி வந்த திரைப்படத்தில் அது தன் பழைய வேடத்திலேயே நடித்தது. இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில், பீஸ்ஹோம் பூங்காக் குளத்தில், 1927 முதல் ஆளை உள்ளே உட்காரவைத்து ஓட்டும் சிறு கப்பல்கள் கோடையில் கடற்சண்டை காட்டுகின்றன. கடலோ குளமோ, சேர்ந்து ஓட்டுகிறவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். உன் கூட்டாளி மூழ்கும்போது நடுவே கப்பலை நிறுத்தி அவனுக்கு மறைப்புக் கொடு. மோதலைத் தவிர், 1959இல் இலங்கைக்கு அருகே நடந்த பயிற்சியில் நிஜ மைசூரே ஹோக் என்ற பிரிட்டிஷ் கப்பலோடு மோதி அதன் முன்பகுதியை நாசமாக்கியது. இடித்து வாங்கும் வெற்றிக்கு மதிப்பில்லை.

அடுத்த கடிதத்தில் ஒரு எடைப் பட்டியல் அனுப்பு. ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் நிறுத்து, கிராமில் எழுது. கூட்டுத்தொகை 3,700ஐத் தாண்டினால், எதைக் குறைப்பது என்று பேசுவோம். துப்பாக்கிப் படம் இப்போதைக்கு வேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணன்