குருதி எடுக்கப் பயில்வோரும் தாங்களும்

கலிபோர்னியாவில் குருதி மாதிரி எடுப்பவராக விரும்புவோர், சமுதாயக் கல்லூரி போன்ற இடங்களில் 40 மணி நேர வகுப்பும் 40 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் முடிக்க வேண்டும். 50 முறை சிரையிலும் 10 முறை தோலில் குத்தியும் குருதி எடுத்திருக்க வேண்டும். தேர்வு அதன் பின்னரே.

ஊசியைக் காட்டிலும் நாங்கள் அவர்களுக்கு அச்சத்தோடு கற்பிப்பது பெயர்ச்சீட்டைப் பற்றியே. குழாய் மாறினால், பொருந்தாத குருதி ஏற்றப்படும் பேரிடரும் நேரலாம். நன்கு அறிந்தவரிடமும் பெயரையும் பிறந்த நாளையும் கேட்பது இதனாலேயே. தாங்களே விடை கூறுங்கள். உடனிருப்போர் (அன்பு மிகுதியால்தான்) முந்திக்கொள்ள வேண்டாம். சீட்டு தங்கள் கண்முன்னே ஒட்டப்படுகிறதா எனவும் பாருங்கள். கையை மீண்டும் மீண்டும் மூடித் திறந்தால் பொட்டாசியம் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். பயிற்சி மாணவர் வேண்டாமெனில் தயங்காது சொல்லலாம், நாங்கள் வருந்தமாட்டோம்.