சிவனொளிபாதமலை ஏறப் போகிறீர்களா? மூன்று மாதம் முன்பே ஆயத்தமாகுங்கள்

நத்தார் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் எமது குடும்பங்களில் பல, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிவனொளிபாதமலை ஏற விரும்புகின்றன. யாத்திரைக் காலம் மார்கழி மாதப் பூரணையில் தொடங்கி வெசாக் பூரணையோடு முடியும். மற்ற மாதங்களில் மழை, அட்டை, இருட்டு என்பன அதிகம். தேநீர்க் கடைகளும் பூட்டியிருக்கும்.

மலையின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் 5,000க்கும் மேற்பட்ட படிகள் உண்டு. இரத்தினபுரிப் பாதை இதைவிட நீளமானது, கடினமானது. முதல் தடவை போகிறவர்கள் நல்லதண்ணிப் பாதையையே தெரிவு செய்யுங்கள்.

"அப்ப நடந்த கால்தானே, டொக்டர்!"

"1995 ஒக்டோபரில் ஒரே இரவில் வலிகாமத்திலிருந்து சாவகச்சேரி வரை நடந்தனான். இந்த மலை என்ன பெரிசா?" என்று கேட்பவர்கள் உண்டு. அன்றைக்கு 25 வயதில் நடந்தவருக்கு இன்றைக்கு 55 தாண்டிவிட்டது. மனவுறுதி அப்படியே இருக்கலாம். இருதயத்துக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் அப்படியே இருப்பதில்லை.

ஹமில்டன் மக்மாஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 52 நாடுகளில் நடத்திய 'இன்ரர்ஹார்ட்' ஆய்வு 2004இல் வெளிவந்தது. அதன் தரவுகளை வைத்து 2007இல் வந்த கட்டுரை, தென்னாசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 6 வருடம் முந்தியே, சராசரியாக 53 வயதளவில் வருவதாகக் காட்டியது. ஆகவே ஐம்பதைத் தாண்டிய எவரும் மலைக்கு முன் குடும்ப வைத்தியரைக் காண்பது நல்லது. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், புகைப்பழக்கம், இளவயதில் மாரடைப்பு வந்த குடும்பம் என்பன இருந்தால் நாற்பதிலேயே காணவேண்டும். படி ஏறும்போது நெஞ்சு இறுகினால் வயதைப் பாராமல் உடனே போங்கள்.

ஏன் மூன்று மாதம் முன்பே?

ஓகிப் வெளிநாட்டு வைத்தியச் செலவில் மிகச் சிறிய பகுதியையே தரும். பயணக் காப்புறுதி தேவை. பல காப்புறுதிகள், புறப்படுவதற்கு முந்திய 90 நாட்களுக்குள் குளிசையின் அளவு மாறியிருந்தால் அந்த நோய்க்குப் பணம் தருவதில்லை. எனவே மருந்து மாற்றம் தேவையென்றால் அதை முன்கூட்டியே செய்யவேண்டும். காப்புறுதிப் படிவத்தில் எந்த நோயையும் மறைக்காதீர்கள்.

பார்க்டேலில் பயிற்சி

முதல் 4 கிழமை: கிழமைக்கு 5 நாள், 30 நிமிட விரைவு நடை. ஹை பார்க்கோ, சனிசைட் ஏரிக்கரையோ போதும். நடக்கும்போது கதைக்க முடியவேண்டும், ஆனால் பாட முடியாதிருக்கவேண்டும். அதுவே சரியான வேகம்.

அடுத்த 4 கிழமை: கிழமைக்கு 3 நாள் படி ஏறுங்கள். ஒரு மாடிக்கு 17 படி என்று வைத்தால், பத்து மாடிக் கட்டிடத்தை 30 தடவை ஏறுவதுதான் இந்த மலை. முதல் நாள் மூன்று தடவையோடு தொடங்குங்கள். படிக்கட்டுக் கதவுகள் உள்ளிருந்து திறக்காதிருக்கலாம்; திறப்பைக் கையோடு கொண்டுபோங்கள். கசா லோமாவுக்கு அருகிலுள்ள பால்ட்வின் படிகள் (110 படிகள்) இன்னொரு நல்ல இடம்.

இறங்கும்போது லிஃப்டில் வராதீர்கள். மலையில் ஏற்றம் மூச்சைச் சோதிக்கும், இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். இறங்கும்போது தொடைத் தசை இழுபட்டபடியே உடற்பாரத்தைத் தாங்குகிறது. பழகாத தசையில் நுண்ணிய காயங்கள் ஏற்பட்டு இரண்டு மூன்று நாள் நோகும். முன்கூட்டியே இறங்கிப் பழகினால் இது வெகுவாகக் குறையும்.

கடைசி 4 கிழமை: வார இறுதியில் 3 மணி நேர நடை. மலைக்குப் போடப்போகும் அதே சப்பாத்தையும் பையையும் பாவியுங்கள். கடைசிக் கிழமை பயிற்சியைக் குறையுங்கள். விமானத்தால் இறங்கி மூன்று நான்கு நாளாவது கழித்து மலைக்குப் போங்கள்.

மருந்து எடுப்பவர்கள் கவனிக்க

1. இன்சுலின், கிளிக்கிளசைட் எடுப்பவர்களுக்கு மலையில் மட்டுமல்ல, அன்றிரவு நித்திரையிலும் சீனி இறங்கலாம். சோதிக்கும் கருவியும் குளுக்கோசும் கையில் இருக்கட்டும்.
2. சலம் போகச் செய்யும் குளிசை, 'எம்பாகிளிஃபுளோசின்' வகைக் குளிசை எடுப்பவர்களுக்கு உடலில் நீர் வற்றலாம். அன்றைய அளவு பற்றி வைத்தியரிடம் முன்பே கேளுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம்.
3. நோ வருமுன்னே ஐபுபுரோஃபென் போடும் பழக்கம் வேண்டாம். நீர் வற்றிய உடலில், பிரஷர் குளிசையோடு சேர்ந்து அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

பையில் என்ன?

தண்ணீர், கச்சான், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், ரோச் லைட், மாற்று உடுப்பு, குளிர்ச்சட்டை. உச்சியில் இரவு வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே போகலாம். வியர்த்த உடுப்போடு சூரிய உதயத்துக்குக் காத்திருப்பவர்களுக்கே குளிர் அதிகம் தாக்கும்.

கூட்டமாகப் போகும்போது

மெதுவாக நடப்பவரின் வேகமே கூட்டத்தின் வேகம். முடியாவிட்டால் இரண்டு குழுக்களாகப் பிரியுங்கள். மூத்தவர்கள் இரண்டு மணி நேரம் முந்தித் தொடங்கட்டும். திரும்பும் நேரத்தைக் கீழேயே தீர்மானியுங்கள். எவரையும் தனியே விடாதீர்கள்.

உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேதான் தொடங்கும். ஆகவே இந்த மலையில் ஒருவருக்கு இருந்து ஆறியும் அடங்காத மூச்சு வாங்கினால், "உயரம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் நோ, குளிர் வியர்வை, தலைச்சுற்று, தடுமாறிய பேச்சு ஆகியவற்றில் எது வந்தாலும் அத்தோடு ஏற்றம் முடிந்தது. அவரை இருத்தி, 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அது இலங்கையின் இலவச அம்புலன்ஸ் சேவை. பாதையில் நிற்கும் பொலிசாரிடமும் கடைக்காரரிடமும் உதவி கேளுங்கள்.

ஆபத்தானது எதுவென்றால், "என்னால் எல்லாருடைய பயணமும் கெட்டுப்போகுமே" என்று நெஞ்சு நோவை மறைப்பதுதான். வெளிக்கிடும் முன்னரே, குடும்பத்தில் மூத்தவர் எல்லோருக்கும் கேட்கச் சொல்லட்டும்: "ஏலாட்டி சொல்லுங்கோ, சேர்ந்தே இறங்குவம்." நேர்த்தி வைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: பாதி மலையில் நின்று கும்பிட்டாலும் அது கும்பிடுதான்.

(இக்கட்டுரை பொதுவான தகவலுக்கானது. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையை உங்கள் குடும்ப வைத்தியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.)